மல்லிகையைக் கொதிக்க வைத்த கதை

போன வருஷம் அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலாவது நாள், நாத்தனார் பெங்களூரிலிருந்து பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். நங்கநல்லூரில் எங்களுடையது மேல் மாடி வீடு. தலைக்கு மேலே வெறும் மொட்டை மாடிதான். மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் ஞாபகம் வரும். கடல்காற்று கிளம்பி எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் காப்பி நேரம் வந்துவிடும்.

வந்த அன்று ராத்திரியே ஆரம்பித்தாள். "அண்ணி, அங்க ஒரு இடத்துல பூ போட்ட காக்டெயில் குடிச்சேன். ஒரு கிளாஸ் எழுநூறு ரூபா. நம்ம மாடியில இல்லாத பூவா?"

கேட்டது நியாயம்தான். மாடி முழுக்க என் மாமியாரின் ராஜ்ஜியம். நாலு தொட்டி குண்டுமல்லி, ஒரு பன்னீர் ரோஜா, அடுக்குச் செம்பருத்தி, கைப்பிடிச் சுவரில் படர்ந்த சங்குப்பூ, துளசி, புதினா, யாரும் கேட்காமலே முளைத்து நிற்கும் திருநீற்றுப்பச்சிலை. வீட்டுக்காரர் மறுநாள் டாஸ்மாக் எலைட் கடைக்குப் போய் ஒரு பாட்டில் ஜின் வாங்கி வந்தார். பூ இருக்கிறது, சரக்கு இருக்கிறது, இனி என்ன என்று நினைத்தேன்.

முதல் நாள் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அதே தப்பை நீங்களும் செய்யாமல் இருக்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் சர்க்கரையும் போட்டு, கைக்கு அகப்பட்ட மல்லிகை, ரோஜா, நாலு செம்பருத்தி, ஒரு கொத்து துளசி எல்லாவற்றையும் கொட்டி, பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைத்தேன். வடிகட்டினால் அழுக்கு ஊதா நிறத்தில் ஒரு வழவழப்பான திரவம். அதில் ஜின்னும் எலுமிச்சையும் ஐஸும் சேர்த்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஊதுபத்தியைக் கரைச்ச மாதிரி இருக்கு" என்றார். நாத்தனார் மரியாதைக்குப் பாதி குடித்தாள். மீதி சிங்க்கில்.

அத்தை அதுவரை ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மது என்ற விஷயத்தில் அவருக்கு ஒப்புதல் கிடையாது. ஆனால் மகன் ஐம்பதைத் தொட்டவர், மகள் ஊரிலிருந்து வந்தவள், ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டது இரண்டு விஷயத்துக்குத்தான். ஒன்று, துளசி. "அந்தக் கருமத்துல துளசியைப் போடாதே" என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டார். அதை நான் மீறவில்லை. திருநீற்றுப்பச்சிலையும் துளசிக்கு உறவுதான், ஆனால் அத்தையின் சாமி கணக்கில் அது வராது. வாசனையில் எனக்கு அதுதான் உசத்தியாகவும் தெரிகிறது. இரண்டாவது, மல்லிகை. "பூவைப் போய் யாராவது கொதிக்க வைப்பாங்களா? வாசனை எல்லாம் ஆவியாப் போயிடும். மொட்டாப் பறிச்சுப் போட்டு மூடி வை. அது மலரும்போதுதானே மணக்கும்."

இந்த ஒரு வாக்கியம் எனக்கு அந்தக் கோடை முழுக்க உதவியது. மல்லிகையின் விஷயம் அதுதான். பறித்த பிறகும் அது வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பிரான்சில் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியக்காரர்கள் மல்லிகையை அந்தக் காலத்தில் காய்ச்சி வடிக்காமல், கொழுப்பு பூசிய கண்ணாடித் தட்டில் பரப்பி வைத்தார்கள். வடநாட்டில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காக வைத்து, பூவின் மணம் எள்ளில் ஏறிய பிறகு அதை ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள். சீனர்களின் மல்லிகைத் தேநீரும் இதே வழிதான்: தேயிலைக்கு நடுவே நம் குண்டுமல்லி இனத்து மொட்டுகளை இரவெல்லாம் கலந்து வைத்து, காலையில் பிரித்துவிடுவார்கள். கொழுப்பு, எள், தேயிலை என்று அவர்கள் வைத்த இடத்தில் நான் சர்க்கரைப் பாகை வைத்தேன்.

200 கிராம் சர்க்கரை, 200 மி.லி தண்ணீர். சர்க்கரை கரையும் அளவுக்குச் சூடு போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். இறக்கி முழுக்க ஆற வைக்க வேண்டும். கைக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தெரிந்தாலும் பொறுத்திருங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடிக்குப் போனால், அன்று மலரப்போகிற மொட்டு எது என்று அத்தைக்குப் பார்த்தவுடன் தெரியும். பச்சை ஓடிய சிறு மொட்டு நாளைக்கு உரியது. பால் வெள்ளையாக, உருண்டு, நுனி லேசாகத் தளர்ந்து நிற்பது இன்றைக்கு. அப்படி 40 மொட்டு. தண்ணீரில் ஒரு முறை அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி ஈரம் போக்கி, காம்பையும் பச்சைப் பகுதியையும் கிள்ளிவிட வேண்டும். அந்தப் பச்சையை விட்டால் பாகில் புல் வாசனை வரும். பிறகு வாய் அகன்ற எவர்சில்வர் டப்பாவில் பாகை ஊற்றி, மொட்டுகளை மேலே மிதக்கவிட்டு மூடினேன்.

ஏழரை மணிக்கு ஆவல் தாங்காமல் திறந்து பார்த்தேன். பாதி மொட்டு வாய் விட்டிருந்தது. பாகின் மேல் குடை கவிழ்த்த மாதிரி இதழ்கள் விரிந்து, நடுவில் சின்னக் குழாய் மேல்நோக்கி நின்றது. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அந்த மூடியை முகர்ந்தபோது வந்த வாசனை, வெள்ளிக்கிழமை மாலை கோயில் வாசலில் பூக்காரம்மா கூடையைத் திறந்தால் வருமே, அது. "திறந்து திறந்து பாக்காதே" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

ஒரு நாள் புத்திசாலித்தனமாக இந்த டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். கெட்டுப்போகாமல் இருக்குமே என்று. காலையில் மொட்டுகள் இறுக்கமாக மூடியபடியே கிடந்தன, பாகு வெறும் சர்க்கரைத் தண்ணீர். குளிரில் பூ மலரவே இல்லை. ஆகவே இரவு வெளியில்தான் இருக்க வேண்டும். ஆனால் விடிந்ததும் முதல் வேலையாகப் பூவை எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தூங்கிப்போய் ஒன்பது மணிக்கு எழுந்தபோது இதழ்கள் பழுப்பேறி, நேற்று தலையில் வைத்த பூவின் நாற்றம் பாகில் இறங்கியிருந்தது. மல்லிகையில் இண்டோல் என்றொரு பொருள் உண்டு. கொஞ்சமாக இருந்தால் மணம், கூடினால் அழுகல். அந்த ஞாயிறு கூடிவிட்டது.

ஒரு இரவுப் பாகு மெலிதாகத்தான் மணக்கும். காலையில் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்து, மாலையில் வெளியே எடுத்து, குளிர் விட்ட பிறகு அதே பாகில் புது மொட்டு போட்டால் இரண்டாம் இரவில் சரியாக வரும். மூன்றாம் இரவு வேண்டாம், தலை வலிக்கும் அளவுக்குப் போய்விடுகிறது.

மற்ற பூக்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. பன்னீர் ரோஜாவுக்கு குல்கந்து போடும் முறைதான். இதழும் சர்க்கரையும் சம எடை, கையால் நன்றாகப் பிசைந்தால் இதழ் நீர் விட ஆரம்பிக்கும். நாலைந்து மணி நேரம் மூடி வைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டினால் இளஞ்சிவப்புப் பாகு தயார். இதழின் அடியில் வெள்ளையாக ஒரு முனை இருக்கும், அதை மட்டும் கத்தரித்துவிடுங்கள், கசப்பு அதில்தான். சங்குப்பூவில் சொல்லும்படி வாசனையோ ருசியோ கிடையாது. நிறத்துக்கு மட்டும்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். ஏழெட்டு நீலப்பூவின் பச்சை அடியைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டால் மை போல நீலம் இறங்கும். எலுமிச்சையின் புளிப்பு பட்டதும் அது கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். நாத்தனார் பிள்ளைகள் இதைப் பார்க்கவே தினமும் கேட்டார்கள். எனக்கு இரண்டு நாளில் அலுத்துவிட்டது.

செம்பருத்தியில்தான் நான் நிஜமாகவே ஏமாந்தேன். புளிப்பும் ரத்தச் சிவப்புமாகப் பானம் செய்ய உலகமெங்கும் பயன்படுத்துவது நம் வேலியோரச் செம்பருத்தி இல்லை. அது புளிச்சக்கீரை வகைச் செடியில், காயைச் சுற்றி இருக்கும் சதைப்பற்றான சிவப்பு உறை. நம் வீட்டுச் செம்பருத்தி தலைக்குத் தேய்க்கிற சமாச்சாரம். காய்ச்சினால் கொழகொழவென்று வரும். முதல் நாள் வழவழப்புக்கு அதுதான் காரணம்.

மாடியில் செடி இல்லாதவர்கள் கோயம்பேட்டில் கிலோவுக்கு வாங்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். தலையில் வைக்கவும் மாலை கட்டவும் வளர்த்த பூ அது. பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், சாப்பிடப்போகிறார்கள் என்று நினைத்து யாரும் அடிப்பதில்லை. கல்யாண வீட்டில் தெளிக்கிற பன்னீர் பாட்டிலும் அப்படித்தான், அது உடம்பில் தெளிக்க. குடிக்க வேண்டுமானால் உணவுக்கு என்று அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்க வேண்டும். பக்கத்து வீட்டு வேலியில் அழகாக இருக்கிறதென்று எதையும் பறித்துப் போட்டுவிடாதீர்கள். அரளி முழுக்க விஷம். நந்தியாவட்டை தூரத்திலிருந்து மல்லிகை மாதிரிதான் தெரியும், அதையும் வாயில் வைக்கக் கூடாது. பேர் தெரிந்த, சொந்தத் தொட்டியில் மருந்தில்லாமல் வளர்ந்த பூ, அவ்வளவுதான். ஒரு குண்டுமல்லி தொட்டிக்குத் தேவை நல்ல வெயில், தை பிறந்ததும் ஒரு கவாத்து, கொஞ்சம் தொழு உரம். சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்!

பாகு சரியாக வந்த பிறகும் பானம் சரியாக வரவில்லை. இப்போது குற்றவாளி ஐஸ். இரண்டு குற்றம். முதலாவது, எங்கள் ஃப்ரீசர் ஐஸில் மீன் வாசனை. மூடாமல் வைத்த ஐஸ் தட்டு சுற்றி இருக்கிற எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகைக்குப் பக்கத்தில் வஞ்சிரம் எடுபடுமா? மூடி போட்ட தட்டுக்கு மாறினேன். இரண்டாவது குற்றம் மேலே இருக்கிற வெயிலுடையது. மே மாத ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்தால், கடைசி வாய்க்கு வருவதற்குள் கிளாஸில் பாதி தண்ணீர்.

இதற்கு வழி சமையலறை மூலையிலேயே இருந்தது. கோடையில் எங்கள் வீட்டு மண்பானையில் வெட்டிவேர் கிடக்கும். ஆங்கிலத்தில் அந்த வேருக்கு வழங்கும் பெயரே தமிழிலிருந்து போனதுதான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வேரை மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, இரண்டு லிட்டர் பானைக்கு ஒரு சின்னக் கொத்து போட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். முதல் பானைத் தண்ணீரில் மண் நெடி தூக்கலாக இருக்கும், அதைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். இரண்டாவது பானைத் தண்ணீரை ஐஸ் தட்டில் ஊற்றாமல் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி உறைய வைத்தேன். கிளாஸுக்கு ஒரே ஒரு பெரிய கட்டி. பெரிய கட்டி மெதுவாகக் கரையும். கரைய கரைய வெட்டிவேர் வாசனை வெளியே வரும். மேலே மல்லிகை, கீழே ஈரமண் வாசனை. அன்று ராத்திரி வீட்டுக்காரர் கிளாஸைக் கீழே வைக்காமல் குடித்தார். அவர் வாயால் பாராட்டு வராது, இதுதான் வரும்.

அளவு சொல்கிறேன். ஜின் 45 மி.லி, அதாவது குவார்ட்டரில் கால் பங்கு, கட்டிங்கில் பாதி. அதற்கு மேல் போனால் ஜின்னுக்கே உரிய ஜூனிப்பர் காய் வாசனை மல்லிகையை அமுக்கிவிடுகிறது. மல்லிகைப் பாகு 20 மி.லி, அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மி.லி. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி இதற்குப் போதும். கண் அளவு போதும் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் எனக்கு இனிப்பு கூடிப்போனது. ஒரு சிட்டிகை உப்பு. எலுமிச்சை ஜூஸ் கடையில் "ஸ்வீட்டா சால்ட்டா" என்று கேட்டால் இரண்டும் என்று சொல்கிறவள் நான், அந்தப் பழக்கம். இவற்றைச் சாதாரண ஐஸ் நாலைந்து துண்டோடு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்க வேண்டும். பாட்டிலின் வெளிப்புறம் பனி பூத்தால் போதும். டீ வடிகட்டியில் வடித்து, வெட்டிவேர் ஐஸ் மேல் ஊற்றி, சோடா 80 மி.லி போல விட்டுக்கொள்ளலாம். சோடாவைப் பாட்டிலுக்குள் ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள். எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு கறை இன்னும் இருக்கிறது.

மேலே திருநீற்றுப்பச்சிலை ஒரே ஒரு இலை. கசக்கக் கூடாது, கசக்கினால் பச்சைக் கசப்பு இறங்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் மூக்குக்கு வேண்டியது கிடைத்துவிடும். ரோஜாப் பாகு செய்யும் அன்று இலையை மாற்றிப் புதினா போடுவேன். மல்லிகையும் ரோஜாவும் ஒரே கிளாஸில் போட்டால், இரண்டும் தெரியாமல் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு கிளாஸுக்கு ஒரு பூ, ஒரு இலை, ஒரு வேர். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

சோடாவுக்குப் பதில் டானிக் வாட்டர் என்று விற்கிற கசப்புச் சோடாவை ஊற்றலாமா என்றால், அதன் கொயினா கசப்பு மல்லிகையோடு சேரவில்லை, சங்குப்பூவோடு பரவாயில்லை. இந்தக் கொயினாவுக்காகத்தான் வெள்ளைக்காரன் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் சின்கோனா மரம் வைத்தான். மலேரியா மருந்தாகக் குடித்த கசப்பை விழுங்க ஜின் சேர்த்துக்கொண்டான் என்று சொல்வார்கள். அவனுக்கு மருந்து, நமக்கு நொறுக்குத் தீனியோடு. வேகவைத்த வேர்க்கடலையில் மாங்காய்த் துருவல் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

பாகு கெட்டுப்போகும் விஷயத்தை மறந்துவிட்டேன். சம அளவு சர்க்கரை போட்ட பாகு ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் வரை எனக்கு நின்றிருக்கிறது. வெளியே வைத்தால் சென்னையில் இரண்டே நாள். ஒரு பாட்டிலை மேடையிலேயே மறந்து காஞ்சிபுரம் கல்யாணத்துக்குப் போய், மூன்றாம் நாள் திரும்பினோம். மூடியைத் தொட்டதும் டப் என்று தெறித்து, நுரை பொங்கி வழிந்தது. "பாரு, அதுவே சாராயமாயிடுச்சு" என்றார் அத்தை. நுரை வந்தால், புளித்த வாடை வந்தால், கொட்டிவிட வேண்டியதுதான். ருசி பார்க்கும் ஆசை வேண்டாம்.

இன்னொன்று. ஜூஸ் மாதிரி இறங்குகிறதே என்று இதைத் தாகத்துக்குக் குடிக்கக் கூடாது. மது உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளும். வெயிலில் ஏற்கெனவே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். பொழுது சாய்ந்த பிறகு, முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், அப்புறம் ஒரு கிளாஸ், அதிகம் போனால் இரண்டு என்பது எங்கள் வீட்டு வழக்கம். வண்டி எடுக்க வேண்டியவர், மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, இருபத்தொரு வயது ஆகாதவர் யாருக்கும் இது கிடையாது.

அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஜின் இல்லாத கிளாஸ் தனியாக. நான் இதைச் சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே மல்லிகை அதில்தான் நன்றாகத் தெரிகிறது. பாகை 30 மி.லி ஆக்கி, எலுமிச்சை, உப்பு, வெட்டிவேர் ஐஸ், நிறைய சோடா, ஒரு கரண்டி ஊறிய சப்ஜா விதை. அந்த விதையும் திருநீற்றுப்பச்சிலையின் விதைதான் என்று பிள்ளைகளுக்குச் செடியில் காட்டினேன். அவர்கள் அதை நம்பாமல், காய்ந்த கதிரை உதிர்த்துத் தண்ணீரில் போட்டு, அது உப்பும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தை முதல் பத்து நாள் இதைத் தொடவில்லை. டம்ளரை முகர்ந்து பார்த்து, "கலக்கலையே?" என்று கேட்பார். இல்லை அத்தை என்றாலும் நம்பிக்கை வராது. ஒரு நாள் அவர் எதிரிலேயே, அவர் டம்ளரில், அவர் கையாலேயே சோடா ஊற்ற வைத்தேன். குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கழுவி வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் நான் மாடிக்குப் போவதற்குள் மொட்டுகள் பறித்தாகிவிட்டது. பூஜை அறையில் சாமிக்கு ஒரு கிண்ணம். சமையலறை மேடையில், ஈரத்துணி போட்டு மூடி, காம்பு கிள்ளிய 40 மொட்டு. நாத்தனார் எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பத்து சேர்க்கலாமே என்றாள்.

"சாமிக்கு இன்னைக்கு முப்பதுதான்," என்றார் அத்தை. "போதும், இருக்கறதை வச்சுப் பண்ணுங்க."